ஷீப்பா, ஷிப்பா? இங்கிலாந்து வட்டாரச் சொலவடைகள சரியா சொல்றது எப்படி

யார்க்‌ஷயர் பக்கம் டூர் போனீங்கன்னா பரிசுப்பொருள் விக்கிற கடையில ஒரு டீ கப்போ கிச்சன் துண்டோ கண்டிப்பா கண்ணுல படும், அதுல ஒரு சொலவடை அச்சடிச்சிருப்பாங்க. தமிழ் எழுத்துல எழுதினா இப்படி வரும்: "இயர் ஆல், சீ ஆல், சே நௌட், ஈட் ஆல், சப் ஆல், பே நௌட், அண்ட் இஃப் எவர் தா டஸ் ஔட் ஃபர் நௌட், ஆலஸ் டூ இட் ஃபர் திசென்." அதாவது எல்லாத்தையும் கேளு, எல்லாத்தையும் பாரு, ஒண்ணும் சொல்லாத, எல்லாத்தையும் தின்னு, எல்லாத்தையும் குடி, காசு மட்டும் குடுக்காத, எப்பவாச்சும் ஓசியில ஒரு வேலை செய்யணும்னு வந்தா அத உனக்கு மட்டும் செஞ்சுக்கோ. யார்க்‌ஷயர்காரங்க தங்களோட கெட்டிக்கைய தாங்களே சொல்லி சிரிச்சுக்குற வரி இது.

நாலு கடையில நாலு கப்ப எடுத்து வச்சு பாத்தா நாலும் வேற வேற மாதிரி இருக்கும், ஒண்ணுல கடைசி வார்த்தை திசென், இன்னொண்ணுல தைசென், இன்னொண்ணுல தீ-சென்னு பிரிச்சு போட்டிருப்பாங்க, எங்கயாச்சும் ஒண்ணுல யுவர்செல்ஃப்னே போட்டிருக்கும். அப்ப எதுதான் சரி? இங்கிலீஷ் ஓரளவு நல்லா தெரிஞ்சவங்களே இந்த இடத்துல தப்பு பண்றாங்க, ஏன்னா நாம ஸ்கூல்ல படிச்ச இலக்கணத்த வச்சு இத அளக்க முடியாது.

முதல்ல ஒரு விஷயத்த மனசுல வாங்கிக்கணும். வட்டார இங்கிலீஷ்ங்குறது நல்ல இங்கிலீஷ் சிதைஞ்சு போய் உண்டான கொச்சை இல்ல. இன்னிக்கி நாம ஸ்டாண்டர்டுன்னு சொல்றதும் ஒரு காலத்துல லண்டன் பக்கமும் அதுக்கு வடக்கால கொஞ்ச தூரமும் பேசின பேச்சுதான், அரசாங்கமும் அச்சகமும் லண்டன்ல இருந்ததால அது மேல ஏறி உக்காந்துடுச்சு, அவ்வளவுதான். யார்க்‌ஷயர் மாதிரி வடக்குல இருந்தவங்க அவங்க பேச்ச அவங்க பாட்டுக்கு பேசிட்டு வந்தாங்க. நௌட்னா ஒண்ணுமில்ல, ஔட்னா ஏதாச்சும். நௌட் ங்குறது நத்திங்-ஐ தேச்சு சின்னதாக்கினது கிடையாது, ஒண்ணுமில்லங்குற அர்த்தத்துல நாட் அப்படின்னு பழைய புத்தகத்துல வர்ற சொல்லுக்கும் இதுக்கும் வேரு ஒண்ணு. திசென்-ல வர்ற சென் அதே மாதிரி செல்ஃப் ங்குறதோட பழைய வடிவம் ஒண்ணுல இருந்து வந்தது.

மதுரைக்காரர் "அங்கிட்டு இங்கிட்டு அலையாத"ன்னு சொன்னத ஒருத்தர் "அங்கே இங்கே அலையாதே"ன்னு திருத்தி எழுதினா அர்த்தம் மாறாது, ஆனா ஊரு காணாம போயிடும். யார்க்‌ஷயர் சொலவடைய யுவர்செல்ஃப்னு முடிச்சா நடக்குறதும் அதேதான். அதனால "சரியான வாசகம்"னு நான் சொல்றது இலக்கண புத்தகத்துக்கு ஒத்துப்போறத இல்ல, அந்த ஊர்ல பொறந்து வளந்தவங்க காதுல இடறாம போய் விழுறத.

இப்ப அந்த "தா"வுக்கு வருவோம், இது தமிழ் ஆளுங்களுக்கு சட்டுன்னு புரியும். இங்கிலீஷ்ல இன்னிக்கி எல்லாருக்கும் யூ ஒண்ணுதான், ஆனா பழைய இங்கிலீஷ்ல நம்ம நீ, நீங்க மாதிரி ரெண்டு இருந்துச்சு, தௌ-ன்னா நீ, யூ-ன்னா நீங்க. ஸ்டாண்டர்டுல தௌ போயிடுச்சு, ஆனா மேற்கு யார்க்‌ஷயர், தெற்கு யார்க்‌ஷயர் பக்கம் வயசானவங்க வாயில இன்னமும் தா, தீ-ன்னு ஓடுது. பார்ன்ஸ்லி ஊர்க்காரங்க ஷெஃபீல்டுகாரங்களுக்கு "டீ-டா"ன்னு பட்டப்பேரே வச்சிருக்காங்க, ஏன்னா ஷெஃபீல்டுல தீ, தா-ன்னு சொல்றது டீ, டா-ன்னு கேக்குமாம். கூட்டாளிங்களுக்குள்ள, வீட்டுல, சின்னப்பசங்ககிட்ட தா போட்டு பேசலாம், பெரியவங்ககிட்ட போட்டா வம்புதான். அதுக்கே ஒரு சொலவடை இருக்கு: "டோன்ட் தீ தா மீ, தீ தா திசென், அண்ட் சீ ஹௌ தா லைக்ஸ் இட்." நம்ம ஊர்ல "யாரப் பாத்து நீ-ங்குற?"ன்னு ஒரு பெரியவர் எகிறுவாருல்ல, அதேதான். இதுல தா-ங்குறதே வினைச்சொல்லா மாறிடுச்சு பாருங்க, "என்ன நீ போட்டு பேசாத, உன்ன நீயே நீ போட்டு பேசிப் பாரு, எப்படி இருக்குன்னு தெரியும்". இத யாராச்சும் யூ போட்டு திருத்தி எழுதினா சொலவடையே செத்துப்போச்சு, ஏன்னா சண்டையே அந்த ஒரு சொல்லுமேலதான்.

இதுல இன்னொரு பொதுவான தப்பு, ஊர கலக்குறது. "சென்" யார்க்‌ஷயரோட பெரும்பகுதியிலயும் அதுக்கு தெக்கால கிழக்கு மிட்லண்ட்ஸ்லயும் வரும், இன்னும் வடக்க டரம், நார்த்தம்பர்லண்ட் பக்கம் போனா "செல்"னு மாறிடும். "ஷை பேர்ன்ஸ் கெட் நௌட்"னு ஒண்ணு நியூகாசில் பக்கம் அடிக்கடி சொல்லுவாங்க, கூச்சப்படுற புள்ளைக்கு ஒண்ணும் கிடைக்காதுன்னு அர்த்தம், பேர்ன்னா குழந்தை. அத அப்படியே கொண்டுபோய் தென்கோடி ஊர்க்காரர் வாயில வச்சு ஒரு கதை எழுதினா, நம்ம கதையில நாகர்கோவில் ஆச்சி கோயம்புத்தூர் பேச்சு பேசின மாதிரி ஆயிடும்.

அப்புறம் அந்த "ட்". வடக்கத்தி ஆளுங்க பேசுறத எழுதும்போது "ட்ரபிள் அட் ட்'மில்"னு தி-ங்குறத வெறும் ட் ஆக்கி எழுதுவாங்க, மில்லுல பிரச்சனைன்னு அர்த்தம். அத படிக்கிற வெளியாளுங்க "டமில்"னு ஒரு ட-வ அழுத்திச் சொல்லி ஊர்க்காரங்க மாதிரி பேசிட்டதா நினைச்சுக்குறாங்க. ஊர்ல அப்படி யாரும் சொல்றதில்ல. முன்னாடி சொல்லோட கடைசியில தொண்டைய ஒரு கண நேரம் அடைச்சு விடுவாங்க, அதுதான் அந்த ட். காதுல சத்தமா விழாது, சின்னதா ஒரு நிறுத்தம் மாதிரி இருக்கும். கதவ சாத்துன்னு சொல்ல "புட் வுட் இன் ஓல்"னு ஒரு வேடிக்கையான வழி இருக்கு, ஓட்டையில மரத்த வைங்குறது நேர் அர்த்தம், அதுல வுட்டுக்கும் ஓலுக்கும் முன்னாடி இந்த நிறுத்தம் வரும். லங்காஷயர்ல பல இடத்துல ட்-க்கு பதிலா நாக்க பல்லுல வச்சு சொல்ற த் வரும், ஹல் நகரமும் அதச் சுத்தியுள்ள கிழக்குக் கரையோரமும் தி-ய அப்படியே விட்டுடுவாங்க. அதனால எல்லா வடக்கத்தி சொலவடையிலயும் ஒரு ட் ஒட்டவச்சா சரியாயிடும்னு நினைக்காதீங்க.

சரி, தலைப்புக்கு வருவோம், எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இதுதான்.

"டோன்ட் ஸ்பாயில் த ஷிப் ஃபார் எ ஹேபத் ஆஃப் டார்"னு ஒரு பழமொழி இங்கிலீஷ் படிச்ச எல்லாருக்கும் தெரியும், அரைக்காசு தாருக்கு பாத்து கப்பல கெடுத்துக்காத. கப்பலுக்கு தார் பூசுவாங்க, தண்ணி உள்ள வராம இருக்க, அதனால யாருக்கும் சந்தேகமே வராது. ஆனா ஆரம்பத்துல இதுல கப்பலே கிடையாது, ஆடு. செம்மறியாட்டுக்கு புண்ணு வந்தா ஈ மொய்ச்சு புழு வச்சிடும், அதுக்கு மேய்ப்பருங்க தார் தடவுவாங்க. அரைக்காசுக்கு தார் வாங்க யோசிச்சா ஆடு செத்துப்போகும், அதுதான் பழமொழி. இங்கிலாந்துல நிறைய வட்டாரத்துல ஷீப்புன்னு நெடிலா சொல்லாம ஷிப்புன்னு குறிலாத்தான் சொன்னாங்க, அத கேட்டு எழுதினவங்க கப்பல்னு நினைச்சு எழுதிட்டாங்க.

இது பின்னாடி யாரோ புத்திசாலித்தனமா கட்டின கதை இல்ல, பழைய தொகுப்புகள்லயே சாட்சி இருக்கு. 1623-ல வரலாற்றாசிரியர் வில்லியம் கேம்டன் பதிவு பண்ணினதுலயும் சரி, ஜான் ரே 1670-ல போட்ட பழமொழி தொகுப்புலயும் சரி, அங்க இருக்கிற சொல்லு ஹாக். ஹாக்னா பன்னிதானேன்னு தோணும், ஆனா மேய்ப்பருங்க பேச்சுல முதல் தடவ ரோமம் கத்தரிக்காத இளம் ஆட்டுக்கும் ஹாக்னுதான் பேரு. ரே தன்னோட ரெண்டாம் பதிப்புல, சிலர் இத ஷீப்னு சொல்றாங்க, பன்னியவிட ஆட்டுக்குத்தான் தார் அதிகமா பூசுறதுன்னு குறிப்பும் எழுதியிருக்காரு. கேப்டன் ஜான் ஸ்மித் 1631-ல எழுதினதுலயும் அரைக்காசு தாருக்கு யோசிச்சு பத்து ஆட்ட இழக்குற பேச்சு வருது. அப்ப ஆடு முதல்ல, கப்பல் பின்னால.

வரைபடத்தயும் பாருங்க. பிராட்ஃபோர்டுக்கு பக்கத்துல ஷிப்லின்னு ஒரு ஊரு, கடல் அங்கிருந்து எவ்வளவோ தூரம், கப்பலுக்கு அங்க வேலையே இல்ல. அந்தப் பேருக்கு அர்த்தம் ஆடு மேயிற வெட்டவெளி. அதுக்கு வடக்கால ஸ்கிப்டன், அதுவும் ஆட்டு ஊருதான், வைக்கிங் காலத்து நாக்கு ஷி-ய ஸ்கி ஆக்கிடுச்சு. ஊர் பேருலயே ஆடு ஷிப்-ஆ ஒக்காந்திருக்கு.

நம்மகிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்குல்ல, "மண்குதிரைய நம்பி ஆத்துல இறங்கலாமா"ங்குறது. அது மண்குதிர், அதாவது ஆத்துக்குள்ள இருக்கிற மணல் திட்டுன்னு சொல்லுவாங்க. ஷீப்பு ஷிப்பு ஆன கதை தெரிஞ்சதும் எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அதுதான்.

அப்ப கப்பல்னு சொல்றது தப்பான்னு கேட்டா, பொது இங்கிலீஷ்ல ஷிப்-தான் நிலைச்சுப்போச்சு, அங்க போய் யாரையும் திருத்த வேண்டாம். ஆனா வட்டார வாசகம் என்னன்னு கேட்டா ஆடுதான். இன்னொண்ணு, அந்த ஹேபத் ங்குறது ஹாஃப்-பென்னி-வொர்த் சுருங்கினது, எழுத்தக் கூட்டி ஹா-போர்த்னு படிக்கக் கூடாது. யார்க்‌ஷயர்ல செல்லமா திட்டுறதுக்கு "டாஃப்ட் ஏபத்"னு சொல்லுவாங்க, அரைக்காசு பெறாத மண்டுங்குற மாதிரி, அம்மா புள்ளைய பாத்து சொல்ற தொனியில. கோவமா இருக்கும்போது இத சொல்ல மாட்டாங்க, அது தெரியாம சண்டைக் காட்சியில போட்டா பொருந்தாது.

ஷிப்லின்னு சொன்னதும் ஒரு மனுஷன பத்தி சொல்லியே ஆகணும். ஜோசப் ரைட், 1855-ல அந்தப் பக்கத்துல தேக்லிங்குற ஊர்ல பொறந்தவரு. ஆறு வயசுல கல்குவாரியில கழுதைவண்டி ஓட்டுற வேலை, அடுத்து சால்டெயர் மில்லுல வேலை, பதினஞ்சு வயசு வரைக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அதுக்கப்புறம் ராத்திரி பள்ளிக்கூடம், பல மொழி, ஜெர்மனியில ஹைடல்பெர்க் போய் டாக்டர் பட்டம், கடைசியில ஆக்ஸ்ஃபோர்டுல பேராசிரியர். அவர் சொந்தப் பேச்சான விண்ட்‌ஹில் பேச்சுக்கு, அது ஷிப்லிய ஒட்டின இடம், 1892-ல ஒரு இலக்கணமே எழுதினாரு. அப்புறம் 1898-ல இருந்து 1905 வரைக்கும் ஆறு பெரிய தொகுதியா இங்கிலீஷ் வட்டார வழக்கு அகராதி வந்துச்சு. 1873-ல இருந்து ஒரு சங்கம் இதுக்காகவே சொல்லு சேத்துக்கிட்டு வந்திருந்தாங்க, அத்தனையும் இவர் கைக்கு வந்து சேந்துச்சு. மில்லுல நூல்கண்டு மாத்தின பையன், தன் ஊர்ப் பேச்சு கொச்சை இல்ல, முறையான இலக்கணம் உள்ளதுன்னு உலகத்துக்கே நிரூபிச்சுட்டாரு. இத படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெறஞ்சு போகும்.

ஒரு சொலவடைய சரிபாக்கணும்னா இந்த அகராதிதான் முதல் இடம், இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்துக்காரங்க அத கணினிமயமாக்கி தேடிப்பாக்குற மாதிரி வச்சிருக்காங்க. சொல்லுக்கு பக்கத்துலயே எந்த கவுண்டியில, அதாவது எந்த மாவட்டத்துல, வழங்குதுன்னு போட்டிருக்கும், அதான் முக்கியம். அடுத்து லீட்ஸ் பல்கலைக்கழகத்துல இருந்து ஹெரால்ட் ஆர்ட்டன் நடத்தின கள ஆய்வு, 1950-ல இருந்து 1961 வரைக்கும், 313 ஊரு. பெரும்பாலும் கிராமத்துல வயசான விவசாயிகளா தேடிப்பிடிச்சு ஆயிரத்துக்கும் மேல கேள்வி கேட்டாங்க. கேட்ட விதம் அழகு, கேக்குறவர் அந்த சொல்ல தன் வாயால சொல்லவே கூடாது, "இதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க"ன்னு பொருள காட்டியோ விவரிச்சோ மட்டும் கேக்கணும், அப்பத்தான் ஊர்ச்சொல்லு தானா வெளிய வரும். நீங்க ஒரு தாத்தாகிட்ட சொலவடை கேட்டாலும் இதையே பண்ணுங்க, "இப்படித்தானே சொல்லுவீங்க"ன்னு நீங்களே எடுத்துக் குடுத்துட்டா பாவம் மரியாதைக்கு ஆமான்னு சொல்லிடுவாரு.

சில சொலவடையில சொல்லு சரியா இருக்கும், அர்த்தம்தான் நழுவியிருக்கும். "வேர் தேர்ஸ் மக், தேர்ஸ் ப்ராஸ்"ல ப்ராஸ் பித்தளை இல்ல, வடக்குல அது காசு. மக்-னா அழுக்கு, எரு. ரே-யோட 1678 பதிப்புல "மக் அண்ட் மணி கோ டுகெதர்"னு இதுக்கு முன்னோடி இருக்கு, மில் புகை எல்லாம் வர்றதுக்கு ரொம்ப முந்தி, அப்ப அழுக்குன்னா வயல்ல போடுற எருவத்தான் நினைக்கத் தோணுது. லங்காஷயர்ல "க்ளாக்ஸ் டு க்ளாக்ஸ் இன் த்ரீ ஜெனரேஷன்ஸ்"னு சொல்லுவாங்க, க்ளாக்னா அடியில மரம், மேல தோலு, கீழ லாடம் மாதிரி இரும்பு வச்ச செருப்பு, பஞ்சாலை தொழிலாளிங்க போட்டது. தாத்தா சம்பாதிப்பாரு, பேரன் திரும்ப அதே செருப்புக்கு வந்துடுவான். இத ஷூஸ்னு மாத்தினா பணக்காரனும் ஷூ போடுறவன்தானே, பொருளே இல்லாம போயிடும்.

தெக்க வந்தா இலக்கணம்தான் சிக்கல். நார்ஃபக்ல "நார்ஃபக் டூ டிஃபரன்ட்"ம்பாங்க, நாங்க எங்க வழியில செய்வோம்னு அர்த்தம். இங்கிலீஷ் டீச்சரா இருந்தா கை துறுதுறுங்கும், டூ தப்பு, டஸ் போடணும்னு. போடாதீங்க! அந்த வட்டாரத்துல ஹி, ஷி-க்கு அப்புறம் வினைச்சொல்லுல அந்த ஸ் சேக்காம ஹி கோ, ஷி கோ-ன்னுதான் காலங்காலமா சொல்றாங்க, நாரிச்ல பொறந்த மொழியியலாளர் பீட்டர் ட்ரட்கில் இத ஆராய்ச்சி பண்ணி 1974-ல வெளியிட்டிருக்காரு. 1963-ல நாரிச்ல ஆரம்பிச்ச ஈஸ்ட் ஆங்க்லியா பல்கலைக்கழகம் "டூ டிஃபரன்ட்"டையே தன்னோட குறிக்கோள் வாசகமா வச்சுக்குச்சு. சஸ்ஸெக்ஸ்ல "வி வன்ட் பி ட்ருவ்"ங்குறதும் இப்படித்தான், எங்கள யாரும் விரட்டி ஓட்ட முடியாதுன்னு. அந்த ட்ருவ்வ டிரிவன்னு திருத்தினா, விரட்ட முடியாதவங்கள விரட்டின மாதிரிதான்.

இதுக்கு எதிர்ப்பக்க தப்பும் ஒண்ணு உண்டு, எல்லாத்துக்கும் ஒரு மூலக்கதை தேடுறது. கிழக்கு மிட்லண்ட்ஸ்லயும் பர்மிங்காம் பக்கத்துல ப்ளாக் கன்ட்ரின்னு சொல்ற பகுதியிலயும் மழை மேகம் திரண்டா "இட்ஸ் ப்ளாக் ஓவர் பில்ஸ் மதர்ஸ்"ம்பாங்க, பில்லோட அம்மா வீட்டுப் பக்கம் கருக்குதுன்னு. யார் அந்த பில்? வில்லியம் ஷேக்ஸ்பியர்ம்பாங்க சிலர், ஜெர்மன் சக்ரவர்த்தி கைசர் வில்லியம்பாங்க சிலர். எதுக்கும் ஆதாரம் இல்ல. ஆட்டுக்கு 1623-லயே எழுத்து சாட்சி இருக்கு, பில்லுக்கு இல்ல, இந்த வித்தியாசத்த பாக்கணும். சில ஊர்ல பில் வில் ஆவாரு, சில இடத்துல "அம்மா வீட்டுக்கு பின்னாடி"ன்னு வரும். எல்லாமே சரிதான், அந்தந்த ஊர்ல.

கடைசியா ஒண்ணு, "நேர் காஸ்ட் எ க்ளவுட் டில் மே பி அவுட்". இந்த க்ளவுட் மேகம் இல்ல, பழைய சொல்லு, துணின்னு அர்த்தம், வடக்குல இன்னும் துடைக்கிற துணிக்கு சொல்லுவாங்க. மே அவுட் ஆகுற வரைக்கும் ஒரு துணியயும் கழட்டாத, குளிரு திரும்ப வரும். பழமொழி தொகுத்த தாமஸ் ஃபுல்லர் 1732-ல பதிவு பண்ணினதுலயும் க்ளவுட்டும் மே பி அவுட்டும் இருக்கு. மே-ங்குறது மாசமா, இல்ல அதே பேருல அவங்க கூப்பிடுற ஹாதார்ன் பூவான்னு இன்னிக்கும் வாக்குவாதம் நடக்குது, மாசம்னா முடியுற வரைக்கும், பூவுன்னா பூக்குற வரைக்கும். 1752-ல பிரிட்டன் நாட்காட்டிய மாத்தி பதினொரு நாள தாண்டிக் குதிச்சாங்க, அதுக்கு முந்தி மே மாச ஆரம்பத்துலயே பூத்த ஹாதார்ன் இப்ப மாச நடுவுக்கு தள்ளிப்போச்சு, அதனால பூ கட்சிக்காரங்க வாதம் இன்னும் கொஞ்சம் சிக்கலாச்சு. நீங்க எழுதும்போது பி-ய இஸ் ஆக்காம, க்ளவுட்ட எடுத்துட்டு வேற துணி பேரு போடாம அப்படியே எழுதுங்க. மே எந்த மே-ன்னு கேக்குறவங்க பாத்துக்கட்டும்.